கொட்டப்பெட்டியின் மூடி

எங்கள் பக்கத்து ஆண்கள் மடியில் செருகிக்கொண்டு போகும் சின்னப் பைக்குக் கொட்டப்பெட்டி என்று பெயர். பனங்குருத்தோலையில் இழைப்பது. கை அகலம் இருக்கும். அடி ஒன்று, மூடி ஒன்று. மூடியை அடியின் மேல் இறக்கினால் அடி முழுவதும் மறைந்துவிடும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, சுருட்டு, நெருப்புப்பெட்டி, சில்லறை எல்லாம் அதற்குள்தான்.

சென்ற மாதம் வாசிகசாலையில் இரண்டு பேர் இந்தச் சொல்லை வைத்து வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர். கொட்டைப்பாக்கு வைப்பதால் கொட்டைப்பெட்டி, அதுவே வாயில் தேய்ந்து கொட்டப்பெட்டி ஆயிற்று என்றார். மற்றவர் கடை வைத்திருப்பவர்.

"பாக்குப் போடாதவனும் வைச்சிருக்கிறான்தானே மாஸ்டர்? உள்ளுக்குக் கிடக்கிறதைக் கையிலை கொட்டி எடுக்கிறம். கொட்டுற பெட்டி. அவ்வளவுதான் கதை."

"அப்ப உம்மட சீனிச் சாக்கும் கொட்டப்பெட்டிதான்."

"மாஸ்டருக்குக் கடனுக்குச் சீனி குடுத்தது என்ர பிழை."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பை போன்ற ஒன்றை ஏன் பெட்டி என்கிறோம் என்று ஒருவர் கேட்டார். அதற்கு வாதம் இல்லை. ஓலையில் இழைத்தது எதுவும் எங்களுக்குப் பெட்டிதான். பிட்டு அவிக்கிறதும் நீத்துப்பெட்டிதானே. துணியில் தைத்தால்தான் பை. பிறகு மாஸ்டர் என் பக்கம் திரும்பி, "நீங்கள் என்ன சொல்லுறியள்?" என்றார். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சபையில் பேசவும் வராது.

மாஸ்டர் சொன்ன பாக்குக் கதைதான் சரி என்று எனக்கும் படுகிறது. ஆனால் வெள்ளைக்காரன் காலத்து யுத்தத்தில், ஒரே ஒரு வாசல் கேற்றடியில், இந்தச் சொல்லுக்கு வேறொரு பொருளும் இருந்தது. அதை அறிந்தவர்களில் அநேகர் இப்போது இல்லை. அதனால் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. இறக்கக்கண்டியிலிருந்து வேலை தேடித் திருகோணமலைக்கு வந்திருந்தேன். துறைமுகம் முழுவதும் நேவிக்காரரின் கப்பல்கள். சீனன்குடாப் பக்கத்தில் காட்டுக்குள் எண்ணெய்த் தாங்கிகள் வரிசையாக நின்றன. குழாய் பதிக்க, மண் வெட்ட, மரம் தறிக்க என்று நாளாந்தம் ஆட்களை எடுத்தார்கள். கடலுக்குப் போகிற நேரத்தையும் இடத்தையும் நேவிக்காரர் கட்டுப்படுத்தியதால் சல்லி, நிலாவெளிப் பக்கத்து மீன்பிடிகாரரும் அந்த வேலைக்கு வந்தார்கள். ஈச்சிலம்பற்றிலிருந்து வயலை விட்டு வந்தவர்களும் இருந்தார்கள்.

தாங்கி இருக்கும் இடத்துக்குள் நெருப்புப் போகக் கூடாது. முதலில் கேற்றில் நெருப்புப்பெட்டியை மட்டும் வாங்கி வைத்தார்கள். அது கொட்டப்பெட்டிக்குள் இருக்கும். ஒவ்வொருவரும் மடியை அவிழ்த்துத் திறந்து எடுப்பதற்குள் வெயில் ஏறிவிடும். எனவே கொட்டப்பெட்டியையே வைத்துவிட்டுப் போங்கள் என்று ஓடர் வந்தது. கேற்றுக்கு வெளியே ஒரு நீளப் பலகை அடித்து, அதைப் பார்த்துக்கொள்ள என்னை வைத்தார்கள். வாயில் நிறைய வெற்றிலையை அடக்கிக்கொண்டு பெட்டியைப் பலகையில் வைத்துவிட்டு உள்ளே போவார்கள். வேலை முடிந்து வரும்போது எடுத்துக் கொடுப்பேன்.

துண்டு, இலக்கம் எதுவும் இல்லை. எனக்கு அது தேவைப்படவும் இல்லை. நான் ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பேசாதவன். குனிந்தபடி இருப்பேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் பெயர், கால், கை, குரல், பெட்டி. ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் ஒவ்வொரு விதமாகச் சாயம் போட்ட ஓலையைச் சேர்த்து இழைப்பாள். இந்தக் காலுக்கு இந்தப் பெட்டி என்று என் கை தானாகவே எடுக்கும். ஒரு நாளும் மாறியதில்லை.

நாள் செல்லச் செல்லக் கேற்றடியில் பெட்டி என்றால் ஆள் என்று ஆகிவிட்டது. "உள்ளுக்கு எத்தினை பெட்டி?" என்று கங்காணி கேட்பார். நான் பலகையைப் பார்த்துச் சொல்வேன். "அவன்ர பெட்டி கிடக்குதோ, போட்டுதோ?" என்றால் அவன் உள்ளே நிற்கிறானா, வீட்டுக்குப் போய்விட்டானா என்று அர்த்தம். இதை ஒருவரும் யோசித்துச் செய்யவில்லை. வசதியாக இருந்தது, அப்படியே வழங்கியது.

சல்லியிலிருந்து ஒருவர் வருவார். அவரைச் சல்லி அண்ணை என்று சொல்கிறேன். அவருடைய பெட்டியில் சிவப்புச் சாய ஓலை இரண்டு வரி ஓடும். அவருடைய மனைவி இழைத்தது. பலகையில் வைக்கும்போதெல்லாம் அவர் ஒரே பகிடியை விடுவார்.

"தம்பி, என்ர மனிசியை உம்மட்டை விட்டிட்டுப் போறன். கவனம்."

திரும்பி வரும்போது, "மனிசி என்ன சொல்லுறா?" என்பார்.

பல மாதம் நான் பதில் சொல்லவில்லை. ஒரு நாள் எப்படியோ, "நாள் முழுக்கப் பேசாமல் இருந்தா" என்றேன். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். "அப்ப அது என்ர மனிசி இல்லையடா, பெட்டி மாறிப்போச்சு!" என்றார் அவர். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்போதும் நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சித்திரை வருஷப்பிறப்புக்குச் சில நாட்கள் இருந்தன. காலையில் ஆட்கள் உள்ளே போய் அதிக நேரம் ஆகவில்லை. சைரன் ஊதியது. அதற்கு முன்பும் சில தடவை ஊதி ஒன்றும் நடக்காததால் நான் எழும்பவில்லை. பிறகு துறைமுகப் பக்கம் இடி விழுந்ததுபோலச் சத்தம். தலைக்கு மேலே விமானங்கள். உள்ளே இருந்தவர்கள் கேற்றை நோக்கி ஓடி வந்தார்கள். அந்த ஓட்டத்திலும் பலர் பலகையில் கை போட்டுத் தங்கள் பெட்டியைப் பறித்துக்கொண்டு ஓடினார்கள். பலகை சரிந்தது. நான் பக்கத்திலிருந்த தண்ணீர்க் கானுக்குள் விழுந்து காதைப் பொத்திக்கொண்டேன். அதற்குப் பிறகு தாங்கிப் பக்கத்தில் எழுந்த சத்தத்தை நான் காதால் கேட்டதாக நினைவில்லை. நெஞ்சில் ஒரு உதை விழுந்ததுபோல இருந்தது.

எழுந்து பார்த்தபோது வானம் பாதி கறுத்திருந்தது. ஒரு தாங்கி எரிந்துகொண்டிருந்தது. அது பல நாள் எரிந்தது. கேற்றடியில் ஒருவரும் இல்லை. பலகை குப்புறக் கிடந்தது. மண்ணில் வெற்றிலை, சுருட்டு, மூடிகள், அடிகள்.

நான் உட்கார்ந்து அவற்றைப் பொறுக்கினேன். ஓட வேண்டிய நேரத்தில் ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது. எங்கள் வீட்டில் கொட்டப்பெட்டியைத் திறந்தபடி வைக்க விடமாட்டார்கள். திறந்த பெட்டி வீட்டுக்கு ஆகாது என்பார்கள். அப்பா இரவில் படுத்த பிறகும் அம்மா போய்த் தொட்டுப் பார்த்து மூடுவா. அந்தப் பழக்கத்தில், கையில் அகப்பட்ட அடியின் மேல் அகப்பட்ட மூடியை இறக்கி மூடினேன். எல்லாப் பெண்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இழைப்பார்கள். எந்த மூடியும் எந்த அடிக்கும் இறங்கும். ஏழெட்டுப் பெட்டி ஆயின. பலகையை நிமிர்த்தி வரிசையாக வைத்தேன். கண்ணில் புகை எரிந்தது. பொருத்தம் பார்க்கவில்லை.

அதுதான் நான் செய்த பிழை.

அடுத்த இரண்டு மூன்று நாளில் நகரம் காலியாகிவிட்டது. ஜப்பான்காரன் திரும்ப வருவான் என்று, மாடு வண்டியிலும் நடையிலும் சனம் காட்டுப் பக்கத்து ஊர்களுக்குப் போனது. உள்ளே எத்தனை பேர் செத்தார்கள் என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியவில்லை. தாங்கிக்குக் கிட்ட நின்றவர்களில் எடுக்க எதுவும் மிஞ்சவில்லை. ஓடியவர்கள் எந்த ஊரில் நிற்கிறார்கள் என்றும் தெரியாது. கங்காணி வந்து பலகையைப் பார்த்தார்.

"கிடக்கிற பெட்டிக்காரர் உள்ளுக்கு. இல்லாத பெட்டிக்காரர் ஊரிலை. எழுது தம்பி."

அவருக்கு எழுத வராது. நான் மூடிகளைப் பார்த்து ஆட்களின் பெயரை எழுதிக் கொடுத்தேன். செத்தவர்களின் பட்டியல் அப்படித்தான் உண்டானது.

நான்காம் நாள் சல்லி அண்ணையின் மனைவி வந்தார். கூட அண்ணையின் தம்பியும் வந்திருந்தார். அந்த அக்காவின் கால்களில் புழுதி முழங்கால்வரை ஏறியிருந்தது. தம்பிதான் பேசினார்.

"பெட்டி கிடந்தால் ஆள் உள்ளுக்கு எண்டு கதைக்கினம். உண்மையோ?"

"அப்பிடித்தான்" என்றேன்.

"எங்கட அண்ணையின்ர கிடக்குதோ?"

சிவப்பு வரி ஓடும் பெட்டி பலகையில் இருந்தது. அதை எடுத்து நீட்டினேன். தம்பி வாங்கவில்லை. அக்கா வாங்கினார். இரண்டு கையாலும் பிடித்து மூடியைச் சற்று மேலே இழுத்தார். பாதியில் நிறுத்தினார். பிறகு கீழே அழுத்தி இறுக்கி மூடினார். தம்பி "ஐயோ அண்ணி" என்று தலையில் அடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். அக்கா அழவில்லை.

"நீங்கள்தானே தம்பி இதைப் பாக்கிறனீங்கள்?" என்றார்.

"ஓம்."

"உங்களைப் பற்றிச் சொல்லுவார். நிமிந்து பாக்காத பொடியன் எண்டு."

அவ்வளவுதான். பெட்டியை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் செத்தவீடு. ஆளைக் கண்டவர் ஒருவரும் இல்லாததால் நான் வந்து சொல்ல வேண்டும் என்று கூப்பிட்டார்கள். சல்லியில் பாதி வீடுகள் பூட்டியிருந்தன. கரையில் வள்ளங்கள் கவிழ்த்தபடி கிடந்தன. இருந்த நாலு பெரியவர்கள் முற்றத்தில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்து, தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து கிடத்தி, அதன் இடுப்பில் அந்தப் பெட்டியை வைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் என்னைக் கேட்டார்.

"நீர் ஆளைக் கண்டனீரோ?"

"பெட்டியைக் கண்டனான்."

"ஆள் வெளியிலை வந்ததைக் கண்டனீரோ?"

"இல்லை."

"பெட்டி கிடந்தது?"

"கிடந்தது."

"பிறகென்ன" என்றார்.

அதன் பிறகு நடக்க வேண்டியது நடந்தது. தாலியைக் கழற்றி அந்த உருவத்தின் மேல் வைக்கச் சொன்னார்கள். அந்த அழுகைச் சத்தத்தை நான் எழுதவில்லை. கடற்கரையில் விறகு அடுக்கிக் கொள்ளி வைத்தார்கள். புல் உடனே எரிந்துபோனது. பெட்டி சற்று நேரம் தாங்கியது. பிறகு மூடியின் ஓலை சுருண்டு கழன்று விழுந்தது. உள்ளே இருந்த அடி வெளியே தெரிந்தது.

அதில் பச்சைச் சாயம் ஓடியது.

பச்சைச் சாயப் பெட்டி யாருடையது என்று எனக்குத் தெரியும். அவர் ஈச்சிலம்பற்றுக்காரர். அவருடைய மூடி பலகையில் இல்லாததால் ஓடிப்போனவர் என்று நினைத்து அவர் பெயரை நான் எழுதவில்லை. அவரைத் தேடியும் ஒருவரும் வரவில்லை. இப்போது அவருடைய அடி இங்கே எரிகிறது. சல்லி அண்ணையின் அடி எங்கே? ஓடுகிற ஓட்டத்தில் அவர் அதைப் பிடுங்க, மூடி மட்டும் கழன்று விழுந்திருந்தால்? அப்படியானால் அவர் கேற்றைத் தாண்டியிருக்கிறார். உயிரோடு தாண்டியிருக்கிறார். பெட்டியை மூடிக் கொடுத்தது நான். தாலியைக் கழற்றியது என் கை.

வாயைத் திறக்கப் பார்த்தேன். சுற்றி ஆட்கள் நின்றார்கள். பச்சை நிறம் கறுத்து, சாம்பலாகிக் காற்றில் போனது.

அன்று முதல் எனக்கு நித்திரை இல்லை. கேற்றடியில் வேலை மறுபடியும் தொடங்கியது. புதிய ஆட்கள் வந்தார்கள், பெட்டிகளை வைத்தார்கள், எடுத்தார்கள். நான் ஒவ்வொரு மூடியையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அடிக்கும் மூடிக்கும் ஒரே சாயமா என்று திறந்து பார்க்கத் தொடங்கினேன். "சுருட்டுக் களவெடுக்கிறான்" என்று ஒருவன் சொன்னான். அதுவும் காதில் ஏறவில்லை. அண்ணை ஏதோ ஓர் ஊரில், காயப்பட்டு, பெயர் சொல்லக்கூட முடியாமல் கிடப்பதாக நினைப்பேன். முகத்தை நினைக்கப் பார்ப்பேன். முகம் வராது. கால் வரும். வலைக்கயிறு இழுத்துக் காய்த்த உள்ளங்கை வரும். ஒரு வருஷத்துக்கு மேல் நாளுக்கு இரண்டு தடவை என் முன்னால் நின்ற மனிதனின் முகம் எனக்குத் தெரியாது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முதல் நாள் சல்லிக்கு நடந்தேன். வழி முழுக்கச் சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். அக்கா வெள்ளைச் சேலையோடு குசினி வாசலில் இருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். வேறொருவரும் இல்லை. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பலகை சரிந்தது, மூடிகளையும் அடிகளையும் பொறுக்கியது, பொருத்தம் பாராமல் மூடியது, நெருப்பில் பச்சையைக் கண்டது. என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் நான் ஒருவரிடமும் தொடர்ந்து பேசியதில்லை.

அவர் சுளகை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"இழைச்ச எனக்குத் தெரியாதே தம்பி? கையிலை வாங்கினவுடனை தெரியும். மூடி என்ர. அடி என்ர இல்லை."

"அப்ப ஏன் அக்கா..."

"நாலு நாள் பாத்தனான். குண்டு விழுந்த அண்டைக்கே நிலாவெளிக்காரர் வந்து சேந்திட்டினம். கால் முறிஞ்சவரையே தூக்கிக்கொண்டு வந்தவை. சல்லி ஊர் எங்கையும் ஓடிப்போகேல்லை. வழி தெரியாத மனுசனும் இல்லை." சுளகைத் தட்டினார். "போன தை மாசத்திலையிருந்து ஒரு கதை இருந்தது. மூதூர்ப் பக்கம் அவருக்கு இன்னொரு வீடு இருக்கெண்டு. நான் கேக்கேல்லை. அவரும் சொல்லேல்லை."

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணையின் அந்த மனிசிப் பகிடி ஞாபகம் வந்தது. அதை அக்காவிடம் சொல்லவில்லை.

"உயிரோடை இருந்தும் வராத மனுசனுக்குப் பெண்சாதியாய் இருக்க என்னாலை ஏலாது தம்பி. செத்த மனுசனுக்கு இருக்க ஏலும். பிள்ளையளுக்கும் அதுதான் மரியாதை. நீங்கள் தந்ததை நான் வாங்கினனான். நீங்கள் ஒண்டும் செய்யேல்லை."

"உள்ளுக்குத்தான் செத்தாரோ தெரியாதே அக்கா" என்றேன்.

"ஓம். தெரியாது." முதல் தடவையாகக் கை நின்றது. "அப்பிடியெண்டால் நான் பாவி. அதையும் யோசிச்சனான்."

திரும்பப் புறப்பட்டபோது கூப்பிட்டார்.

"என்னட்டை வரமாட்டார். ஆனால் உங்களட்டை வந்தாலும் வருவார். ஒரு சாமானையும் விட்டுவைக்காத மனுசன். பெட்டி கேட்டு வந்தால், எரிச்சாச்செண்டு சொல்லுங்கோ. வேறை ஒரு கதையும் வேண்டாம். நாங்கள் எப்பிடி எண்டு கேட்டாலும் சொல்ல வேண்டாம்."

"ஓம்" என்றேன்.

யுத்தம் முடியும்வரை அந்தப் பலகையடியிலேயே இருந்தேன். வேறு நல்ல வேலை வந்தபோதும் போகவில்லை. எரிச்சாச்சு என்ற சொல்லை வாயில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

குண்டு விழுந்த அடுத்த வருஷம், மாரி மழைக்கு முன்னால் ஒரு மத்தியானம். எல்லோரும் உள்ளே இருந்தார்கள். பலகைக்கு எதிரே இரண்டு கால்கள் வந்து நின்றன. இரண்டிலும் முழங்காலுக்குக் கீழே தீப்பட்ட தழும்பு, தோல் இழுபட்டு வெளுத்திருந்தது. அதனால் எனக்குக் காலை அடையாளம் தெரியவில்லை. குரலும் புகை குடித்தவன் குரல்போல் அடைத்திருந்தது.

"தம்பி, குண்டு விழுந்த நேரம் என்ர பெட்டியின்ர பாதி இஞ்சை விட்டுப்போச்சு. கிடக்குதோ?"

மூடியா, அடியா என்று நான் கேட்டிருக்கலாம். மூடி என்றால் சல்லி அண்ணை. அடி என்றால் ஈச்சிலம்பற்றுக்காரர். ஒரு சொல் கேட்டால் போதும். அல்லது நிமிர்ந்து பார்த்திருக்கலாம். அந்த முகத்தைப் பிறகாவது யாரிடமாவது சொல்லி விசாரித்திருக்கலாம்.

"எரிச்சாச்சு" என்றேன்.

"ஆர் எரிச்சது?"

நான் பலகையில் இருந்த பெட்டிகளை நேராக்கினேன். அந்தக் கால்கள் திரும்பின. நிமிர்ந்தபோது முதுகுதான் தெரிந்தது. மூதூர் வள்ளம் போகும் துறைப் பக்கம் நொண்டி நொண்டி நடந்துகொண்டிருந்தது. ஈச்சிலம்பற்றுக்குப் போகிறவருக்கும் அதுதான் வழி.

அதற்குப் பிறகு ஒரு பங்குனியில் சல்லி முத்துமாரியம்மன் கோயில் பொங்கலுக்குப் போயிருந்தேன். சனத்துக்குள் அக்கா நின்றார். தலைமுடி நரைக்கத் தொடங்கியிருந்தது. பக்கத்தில் தோளுயர்ந்த இரண்டு பிள்ளைகள். என்னைக் கண்டதும் ஒரு அடி கிட்ட வந்தார். வாயால் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வையில் ஒரு கேள்விதான் இருக்க முடியும்.

ஒருவரும் வரவில்லை என்று தலையை ஆட்டினேன்.

அவர் முகத்தில் வந்தது ஆறுதலா, வேறெதுவா என்று எனக்குத் தெரியாது. அதற்குள் நான் குனிந்துவிட்டேன்.